ஆளில்லாத கபர்

மார்ச் 14, வியாழன்

தைர்பெக் வேனை நிறுத்திவிட்டு என் டீக்கடைக்குள் நுழைந்தான். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். உலகம் முழுக்கக் கோட்டையும் ராட்டினமும் கட்டி வைத்திருக்கிற அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காக் கம்பெனி, அடுத்ததற்கு நம் இஸ்ஸிக்-குல் ஏரியைப் பார்க்கிறதாம். எவன் சொன்னான் என்றால், வேனில் வந்த ஒருத்தன். அவனுக்கு எவன் சொன்னான்? அதற்குள் தைர்பெக்குக்கு லக்மான் நூடுல்ஸ் ஆறிவிடும் என்ற கவலை வந்துவிட்டது.

சாயங்காலம் மகள் ஐதானா போனில் காட்டினாள். வெளிநாட்டில் இந்தப் பூங்காக்களின் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கமாம். 'அடுத்து எங்கே?' என்று கேட்டு ஒரு உலகப் படம். அரேபியாவில் ஒரு வட்டம், சீனாவில் ஒரு வட்டம், நம் ஏரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அது தென்கரைதான் என்று எங்கள் ஊரே முடிவு கட்டிவிட்டது. வட்டம் முழு ஏரியையும்தான் சுற்றியிருக்கிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ராத்திரி என் வீட்டுக்காரர் போனில் பேசினார். வாய்விட்டுப் பெயர் சொல்ல மாட்டேன், இங்கே எழுதிக்கொள்கிறேன்: எர்கின். "அவங்க வந்தா வெல்டர் வேணும்ல? ராட்டினம் எல்லாம் இரும்புதானே. நிச்சயம்னு சொல்லு, அன்னைக்கே பையைக் கட்டிட்டு வந்துடறேன்."

வேலைக்காக வெளிநாட்டுக்கு, யாகுட்ஸ்க் போய் நாலு வருஷம். ஒவ்வொரு குளிர்காலமும் இதுதான் கடைசி என்கிறார். ஐதானா இப்போது அப்பாவிடம் போனில்கூட வெட்கப்பட்டுப் பேசுகிறாள். வரட்டும் அந்தக் கம்பெனி. ஷைத்தானே நடத்தினாலும் சரி, வரட்டும்.

மார்ச் 22, வெள்ளி

கரையிலிருந்து தண்ணீருக்குள் வரை சிவப்பு முனை வைத்த குச்சிகள் நட்டிருக்கிறார்கள். நட்டவர்களை யாரும் பார்க்கவில்லை. ஆனால் கம்பெனி ஆட்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியுமாம்.

மார்ச் 29, வெள்ளி

இன்று கடைக்கு ஒரு புது ஆள் வந்தார். எந்த வண்டியில் வந்தார் என்று கவனிக்கவில்லை. இளவயது, ஆனால் பேச்சு பழைய மாதிரி. ஒரு வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை, அவருடைய ரப்பர் பூட்ஸ் மட்டும் நனைந்து, கடைத் தரையெல்லாம் தண்ணீர். வலது பூட்ஸின் மூக்கில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிய ஒட்டு. கம்பெனிக்காரன் என்றால் இப்படியா இருப்பான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அளவெடுக்கிறவர்கள் சேற்றில்தானே நடக்க வேண்டும், சரி.

டீ கொடுத்தேன். குடிக்கவில்லை, கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துச் சூடு மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தக் கரையில யாருக்கும் கபர் இல்லையா?"

மேலே, மலையடிவாரத்தில்தான் எங்கள் ஆட்களை அடக்கிய கபர்கள் எல்லாம், கரையில் ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டினார். பெயர் கேட்டேன், சொன்னார், அதற்குள் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது, ஓடினேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. தரையைத் துடைத்தேன். மதியம் வரை காயவே இல்லை.

ஏப்ரல் 3, புதன்

நேற்று முழுக்க என் கடையில்தான் ஊர்க்கூட்டம். நடத்தியது தொப்பிக்காரர், அதாவது என் மாமனாரின் தம்பி. இந்த வீட்டில் கணவன் பக்கத்து மூத்த ஆண்களின் பெயர் மருமகள்கள் வாயில் வரக் கூடாது. பட்டப்பெயர் வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். வெள்ளைக் கம்பளித் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் தொப்பிக்காரர்.

அவர் கணக்கு இது: அந்த ஆள் ஏன் கபரைப் பற்றிக் கேட்டான்? கரை அரசாங்கப் புறம்போக்கு. நம்மில் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கபர் இருக்கிற இடத்தை யார் தொடுவார்கள்? அந்தந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, டீ ஊற்றி, சம்மதம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சம்மதம் கேட்கும்போது நாம் வேலை கேட்கலாம்.

"கபர் இல்லேன்னா நாம வேடிக்கை பாக்கிற கூட்டம். கபர் இருந்தா நாம சம்பந்தி" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இமாமைக் கேட்கலாமே என்று பக்கத்து வீட்டுச் சோனுன் சொன்னாள். இமாம் அன்று காலையில்தான் மகளைப் பார்க்க நகரத்துக்குப் போயிருந்தார். மனிதருக்கு மூக்கில் வியர்த்திருக்கும்.

பொய்க் கபர் கட்டுவது பாவம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். எர்கினுக்கு வேலை கேட்க ஒரு மண்மேடுதான் வழி என்றால், மண்தானே?

ஏப்ரல் 16, செவ்வாய்

முடிந்தது. வீட்டுக்கு ஒன்று. தோண்டவில்லை. வெறும் மேடு, சுற்றிச் சுடாத மண்கல் சுவர், தலைமாட்டில் தகரப் பலகை. ஆப்ரிகாட் மரம் பூத்திருக்கிற நேரம், கரை முழுக்கப் புது மண் வாசனை. தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே ஒரு கபரஸ்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான்.

பெயருக்குத் தொப்பிக்காரர் விதி போட்டார். செத்தவர்கள் பெயர் வேண்டாம், அவர்களுக்கு மேலே இடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் பெயர் வாயில் எடுக்கவே கூடாது. இல்லாத ஆள் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். சோனுன் கெக்கலித்துக்கொண்டே 'துர்துபாய்' என்று எழுதினாள், பல் போன கிழவன் மாதிரி இருக்கிறதாம் அந்தப் பெயர்.

எங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாததால் பிரஷ் என் கையில். ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகவே எழுதியது, 'இசாபெக்' என்று. கீழே வயதுக்கு, செத்த வருஷத்துக்கு, ஏதோ போட்டேன். இளைஞனாகப் போட்டேன், ஏன் என்று தெரியாது.

தொப்பிக்காரர் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்களுடையதின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பதினாறு வருஷத்தில் அந்தத் தலையை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"இந்தப் பேரை உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மாமா. சும்மா வந்துச்சு."

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். தப்பா எழுதிவிட்டேனா? அழிக்கட்டுமா?

ஏப்ரல் 25, வியாழன்

மேல்சாலையில் போகிற வண்டிகளில் எல்லாரும் எங்கள் மேடுகளைப் பார்த்ததும் கையேந்தி, முகத்தைத் தடவி ஆமீன் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தைர்பெக்கும் செய்கிறான். "டேய், நீதானே மண்ணு சுமந்த" என்றேன். "கை தானாப் போகுதுக்கா" என்றான்.

மாமியார் நேற்று அவன் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அவர் கரைப்பக்கம் போகவே மாட்டார். ஏரியைப் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னலைக்கூட நான் வருவதற்கு முன்பே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். காற்றுக்காக என்பார். வேனிலிருந்து பலகைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்று நான் கடையிலிருந்து வரும்போது வீடு முழுக்க எண்ணெய் வாசனை. ஏழு ரொட்டி பொரித்து அடுக்கியிருந்தார். வியாழக்கிழமை இறந்தவர்களுக்கு எண்ணெய் மணம் காட்டுவது வழக்கம்தான், ஆனால் மாமனாருக்குக்கூட இவர் மாசத்துக்கு ஒரு தடவைதான் செய்வார். யாருக்கு மாமி என்றேன்.

"தின்னு. கேக்காதே."

மே 9, வியாழன்

எங்கள் மேடு உள்வாங்குகிறது.

புதைத்த கபர் முதல் வருஷம் உள்வாங்கும், அது எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருப்பது அடங்க அடங்க மண் இறங்கும். ஆனால் எங்களுடையதின் அடியில் என்ன இருக்கிறது? கெட்டிப் புல்தரை. பக்கத்தில் சோனுனுடைய துர்துபாய் மேடு கும்மென்று இருக்கிறது. எங்களுடையது மட்டும் நடுவில் தொட்டில் மாதிரி குழிந்துவிட்டது. தலைமாட்டில் ஈரம். ஏரி அங்கிருந்து நல்ல தூரம்.

ஒரு கூடை மண் கொண்டுபோய்ப் போட்டேன்.

மே 11, சனி

மறுபடி இறங்கிவிட்டது.

ஜூன் 12, புதன்

கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள்! மூன்று கார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், இரண்டு வெளிநாட்டு ஆண்கள், தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு மொழிபெயர்ப்புக்காரப் பையன். தொப்பிக்காரர் ஆட்டை அறுத்து, விரிப்பு விரித்து, ஊரையே வரிசையில் நிறுத்தியிருந்தார். நான் எர்கினுடைய வெல்டிங் சான்றிதழை ஏப்ரனுக்குள் வைத்திருந்தேன்.

அந்த அம்மாள் கரையில் இறங்கினாள். நடந்தாள். கபர்களைப் பார்த்ததும் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். பையனிடம் ஏதோ கேட்டாள், அவன் முகம் வெளுத்து என்னிடம் வந்தான்.

"அக்கா, இங்க சமீபத்துல என்ன நடந்துச்சு? வியாதியா?"

எனக்குப் புரியவே இல்லை. அப்புறம்தான் அவர்கள் கண்ணால் பார்த்தேன். ஒரே மாதிரி, ஒரே நிறத்தில், வெயிலில் இன்னும் வெடிப்பு விடாத புது மண். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர், ஒரே மாசத்தில். பலகையில் என்ன வருஷம் போட்டிருந்தால் என்ன, அவர்களால் அதை வாசிக்கவா முடியும்? எல்லாம் பழைய கபர் என்றேன். அந்தப் பொய் எனக்கே ஒட்டவில்லை.

டீ குடிக்கவில்லை. கை குலுக்கவில்லை. காரில் ஏறுமுன் பையனைப் பிடித்து நிறுத்தினேன். உங்கள் ஆள்தானே மார்ச் மாசம் வந்து கபரைப் பற்றி விசாரித்தார், ரப்பர் பூட்ஸ் போட்டவர், குச்சிகூட நட்டீர்களே, இப்போது ஏன் பயப்படுகிறீர்கள் என்றேன்.

"நாங்க யாரையும் அனுப்பலக்கா. இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றோம். அந்தக் குச்சி எங்களோடது இல்ல."

கார்கள் போய்விட்டன. தொப்பிக்காரர், அந்த அம்மாள் கண்கலங்கியதே நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் அதையும் நம்புகிறது. நான் கறி தின்னவில்லை.

அப்படியானால் அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்திருந்தது யார்?

ஜூன் 13, வியாழன்

எர்கினிடம் என்ன சொல்வது? பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன். சந்தோஷப்பட்டார். பாவி நான்.

ஜூலை 19, வெள்ளி

கம்பெனி அறிவித்துவிட்டதாம். வேறு ஏதோ நாடு, வேறு ஏதோ கடல். அந்த இணையப் பக்கத்தில் பேசுகிறவர்கள் ஒருத்தர்கூட அந்த இடத்தைச் சொல்லியிருக்கவில்லை என்றாள் ஐதானா. நம் ஏரிக்கு வட்டம் போட்டது யார் என்றும் தேடியிருக்கிறாள். தூரத்து நாட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஏன் அந்த ஏரி என்று யாரோ கேட்டதற்கு, படத்தில் பார்க்க அழகாக இருந்தது என்று பதில் போட்டிருக்கிறான்.

எர்கினுக்கும் சொன்னேன். "சரி, விடு. இந்தக் குளிர்காலம்தான் கடைசி" என்றார். போனை வைத்த பிறகு நன்றாக அழுதேன். ராட்டினமும் கோட்டையும் யாருக்கு வேணும்? எனக்கு என் வீட்டு மனுஷன் வேணும், அவ்வளவுதான்.

ஜூலை 22, திங்கள்

இடித்துவிடலாம் என்று ஊர் முடிவு செய்தது. ஆண்கள் மண்வெட்டியோடு கரைக்குப் போனார்கள். நானும் போனேன். முதலில் யார் வெட்டுவது என்பதில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மாசமாகச் சாலையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் துஆ செய்த இடம். எவன் கை வைப்பான்?

கடைசியில் தைர்பெக், எங்களுடையதுதான் ஏற்கனவே பாதி இறங்கியிருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மண்வெட்டியைத் தூக்கினான்.

அப்போதுதான் மாமியார் வந்தார். நாற்பத்தைந்து வருஷமாகக் கரைக்கு வராதவர், வீட்டுச் செருப்போடு, மூச்சிரைக்க. நேராகப் போய் மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தொடாதே. இவருக்கு வேற இடம் கிடையாது."

அப்புறம் அங்கேயே சொன்னார், என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் மருமகளாக வந்த வருஷம், வீட்டின் மூத்த பிள்ளை, என் மாமனாருக்கும் தொப்பிக்காரருக்கும் அண்ணன், படகில் வலை எடுக்கப் போனார். மேற்குக் காற்று அடித்தது. படகு வந்தது, ஆள் வரவில்லை. இந்த ஏரி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காது என்று தேடுவதை விட்டுவிட்டார்கள். உடல் இல்லை, அதனால் கபர் இல்லை. கணவனின் அண்ணன் பெயரை மாமியார் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. ஆண்களால் சொல்ல முடியவில்லை, அதனால் சொல்லவில்லை. அப்படியே அந்தப் பெயர் வீட்டை விட்டுப் போய்விட்டது. எர்கினுக்குக்கூட 'தண்ணியில போன பெரியப்பா' என்றுதான் தெரியும்.

"நான் ஒரு தடவைகூட சொல்லாத பேரை நீ எப்படிடி எழுதின?"

ரப்பர் பூட்ஸ் போட்டு வந்த ஆளிடம் பெயர் கேட்டது ஞாபகம் வந்தது. எண்ணெய் காய்கிற சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்து போய்விட்டது, நல்ல வெயிலில்.

ஒரு கபரையும் இடிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று ரொட்டி நான் பொரித்தேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பதினாறு வருஷத்தில் இன்றைக்குத்தான் நாங்கள் ஒரு வீட்டுக்காரர்கள் போல இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இந்த வருஷம் ஏரி ரொம்பவே இறங்கிவிட்டது. சிவப்புக் குச்சிகள் இப்போது தண்ணீரிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கின்றன. கடைசிக் குச்சியின் கீழே, மணலில், காலையில் தொப்பிக்காரர் கண்டெடுத்தார். எலும்புகள், ஒரு பெல்ட், ஒரு ரப்பர் பூட்ஸ். வலது கால் பூட்ஸ்.

அதன் மூக்கில் சைக்கிள் டியூப் ஒட்டு.

தொப்பிக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அந்த ஒட்டு அவர் பன்னிரண்டு வயதில் அண்ணனுக்காக ஒட்டிக் கொடுத்ததாம். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எர்கினுக்குச் சொன்னேன். "புதைக்க அண்ணன் தம்பி பிள்ளைங்கள்ல நான் மட்டும்தான் ஆம்பளை. வர்றேன்" என்றார்.

அந்த பூட்ஸை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

செப்டம்பர் 7, சனி

எர்கின் நேற்று வந்தார். தலை பாதி நரைத்திருக்கிறது. ஐதானா முதலில் என் பின்னால் ஒளிந்துகொண்டாள், அப்புறம் அவர் கழுத்தை விடவே இல்லை.

இன்று அடக்கம். எர்கின் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு, முறைப்படி, போகிறவர் வருகிறவர் கேட்கும்படி பெரியப்பாவைச் சொல்லி அழுதார். இமாம் இந்தத் தடவை ஊரில் இருந்தார். கபரை வேறு எங்காவது தோண்டுவதா என்ற பேச்சே எழவில்லை, நான் எழுதிய பலகையின் கீழேயே தோண்டினார்கள்.

தைர்பெக் இறங்கித் தோண்டினான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டான். மண் வெண்ணெய் மாதிரி வருகிறது, பக்கவாட்டில் உடலை வைக்கிற அறை ஏற்கனவே குடைந்திருக்கிறது, நேர்த்தியாக, தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து. யாரடா செய்தது என்று இமாம் கேட்டார். எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். மேடு மட்டும்தானே போட்டோம், யாரும் தோண்டவில்லையே.

இமாம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரை அதிலேயே வைத்தார்கள்.

மாமியார் எல்லாரும் கலைந்த பிறகு பலகை முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அப்புறம் வெட்கத்தோடு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், புதுப்பெண் மாதிரி.

செப்டம்பர் 19, வியாழன்

அடைத்த ஜன்னலை எர்கின் திறந்துவிட்டார். வீட்டில் ஏரி வெளிச்சம்.

அக்டோபர் 17, வியாழன்

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்தது. எர்கின் இன்னும் பையைக் கட்டவில்லை. நான் கேட்கவில்லை. பெரியப்பா கபருக்கு அவர் இரும்பில் ஒரு வேலி அடித்தார், மேலே பிறையோடு. பார்த்துவிட்டுத் தொப்பிக்காரர் தன் வீட்டுக் கபருக்கும் ஒன்று கேட்டார். உள்ளே ஆள் இல்லாத கபருக்கு எதற்கு மாமா வேலி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கட்டும்மா, என்றார்.

அக்டோபர் 24, வியாழன்

காலையில் சோனுன் கடைக்கு வந்தாள். கறுத்துப் போயிருந்தாள், எப்போதும் சிரிக்கிறவள். டீ கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்களோடது இறங்க ஆரம்பிச்சிடுச்சுடி."

சும்மா மழைக்கு இருக்கும் என்றேன். மழையே பெய்யவில்லையே என்றாள். எனக்கும் அது தெரியும்.

"துர்துபாய்னு சும்மா விளையாட்டுக்குத்தானே எழுதினேன். எங்க வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தாரான்னு மாமியாரைக் கேக்கணும். கேக்கப் பயமா இருக்கு."

மதியத்துக்குள் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். தொப்பிக்காரரும் வந்தார். வசந்தகாலத்தில் கம்பெனி அடுத்து எங்கே வரும் என்று நாளெல்லாம் பேசிய அதே மேசை, அதே ஆட்கள், அதே மாதிரி தலையைச் சேர்த்துக்கொண்டு, அடுத்து யார் வருவார் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் போரில் போன மாமாவைச் சொல்கிறான். ஒருத்தி பனிச்சரிவில் போன தம்பியை. யாரும் குரலை உயர்த்தவில்லை.

வெளியே எர்கின் வெல்டிங் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்தும் வேலி கேட்டு வந்துவிட்டார்கள், இந்தக் குளிர்காலம் முழுக்க வேலை இருக்குமாம். யாகுட்ஸ்க் போகவில்லை என்று இன்று அவரே சொன்னார். இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைத் தரையில் கதவோரம் தண்ணீர் கிடந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். பிறகு உள்ளே போய் எண்ணெய் வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே மாவு பிசைந்தேன்.